எந்தப் பயிரும் விளையாத மண்ணில் எங்கும் இல்லாத செடிகள்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாத் தீவில் பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா என்றொரு காட்டு மரம் உண்டு. நம் இலுப்பையும் சப்போட்டாவும் எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம். அந்தக் குடும்பத்து மரங்களின் பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வரும். இதைக் கீறினால் மயில்துத்தம் கரைத்த தண்ணீர் போல நீலப்பச்சைப் பால் வடிகிறது. அந்தப் பாலைக் காயவைத்து எடை போட்டால் அதில் கால் பங்குவரை நிக்கல். இந்த அளவீடு 1976ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. சாதாரணச் செடியின் காய்ந்த இலையில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம் நிக்கல்தான் இருக்கும். அதுவே பல மடங்கு கூடினால் பெரும்பாலான பயிர்கள் இலை வெளிறி, வேர் குறுகிச் சாகும். இந்த மரமோ அந்த உலோகத்தை உடம்பெல்லாம் ஓடவிட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. அது நிற்கும் மண்ணில் நெல்லும் விளையாது, கிழங்கும் விளையாது. அப்படிப்பட்ட மண் உலகில் பல இடங்களில் திட்டுத்திட்டாக இருக்கிறது. அறிவியலாளர்கள் அதைச் செர்பென்டைன் மண் என்கிறார்கள். மண் வளமாக இருந்தால் செடிவகையும் பெருகும் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன எண்ணம். செர்பென்டைன் மண்ணைக் கவனித்தால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே இத்தனை அரிய செடிகள் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அந்த மண்ணின் வறுமைதான். அதை வளமாக்கப் போனால் அவை அழியும்.

முதலில் அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். நாம் நிற்கும் நிலத்தட்டுக்கு அடியில், பூமியின் உட்பகுதியில், இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனமான பாறை இருக்கிறது. நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் அதில் ஒரு பகுதி பிதுங்கி மேலே வருகிறது. வழியில் நீர் புகுந்து வேதிமாற்றம் செய்தால் அதுவே செர்பென்டைன் ஆகிறது. கருமையும் பச்சையும் ஓடிய, தொட்டால் வழுவழுக்கும் கல். மழையிலும் வெயிலிலும் அந்தப் பாறை சிதைந்து மண்ணாகும்போது, பாறையில் இருந்ததுதானே மண்ணிலும் இருக்கும்? மக்னீசியம் அளவுக்கு மீறிக் கிடக்கும், சுண்ணாம்புச் சத்து அரிது. நல்ல விளைநிலத்தில் சுண்ணாம்புச் சத்துதான் மக்னீசியத்தைவிடப் பல மடங்கு இருக்கும். இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். இரண்டும் வேரின் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டியிடுவதால், இருக்கும் கொஞ்சம் சுண்ணாம்பையும் செடியால் எடுக்க முடிவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் குறைவு. இதற்கு மேல் நிக்கல், குரோமியம், கோபால்ட் என்று வேரைத் தாக்கும் உலோகங்கள் வேறு. சரிவுகளில் மண்ணின் ஆழமும் குறைவு. ஈரம் நிற்காது, வெயில் ஏறினால் தரை கொதிக்கும். ஒரு செடியைக் கொல்ல இவற்றில் ஒன்றே போதும். இங்கே எல்லாம் சேர்ந்து இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் வியப்பு. கலிபோர்னியா மாநிலப் பரப்பில் செர்பென்டைன் நிலம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தான். அந்த மாநிலத்துக்கே உரிய, உலகில் வேறெங்கும் இல்லாத தாவரங்களில் பத்தில் ஒன்று இந்தச் சின்னத் திட்டுகளில் மட்டுமே வாழ்கிறது. இப்படி ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் காணப்படாத உயிரினங்களைத்தான் ஓரிடவாழ்விகள் என்கிறோம். கியூபாவில் செர்பென்டைன் நிலம் நாட்டின் பரப்பில் சுமார் 7 சதவீதம். அங்கு மட்டுமே வளரும் ஓரிடவாழ்வித் தாவரங்கள் 900க்கும் மேல். கியூபாவுக்கே உரிய தாவரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. நியூ கலிடோனியா இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தீவுக் கூட்டம். அதன் முதன்மைத் தீவில் மூன்றில் ஒரு பங்கு நிலம் இவ்வகைப் பாறையால் ஆனது. அந்தப் பாறை நிலத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வளர்கின்றன. அவற்றில் பத்துக்கு எட்டு அந்தத் தீவுக் கூட்டத்தை விட்டால் வேறெங்கும் கிடையாது. போர்னியோவின் கினபாலு மலையில் உள்ள நெபந்தஸ் ராஜா என்ற குடுவைத் தாவரம், குடுவையில் எலி விழுந்து கிடப்பதாகப் பேர் பெற்றது; அதுவும் செர்பென்டைன் மண்ணை விட்டு வெளியே வருவதில்லை. கண்டம் வேறு, மழை வேறு, செடிக் குடும்பங்கள் வேறு. மண் மட்டும் ஒன்று.

இங்கே ஒரு சந்தேகம் இயல்பாக எழும். ஒருவேளை இந்தச் செடிகளுக்கு அந்த நஞ்சுதான் உணவோ? நிக்கலும் மக்னீசியமும் இல்லாவிட்டால் அவை வாழாதோ? இதற்கு விடை தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஆர்தர் க்ரக்கபெர்க் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1950களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனைகள் எளிமையானவை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டாந்தஸ் கிளாண்டுலோசஸ் என்ற செடி செர்பென்டைன் நிலத்திலும் வளர்கிறது, சாதாரண நிலத்திலும் வளர்கிறது. இரண்டு இடத்து விதைகளையும் எடுத்துச் செர்பென்டைன் மண்ணில் விதைத்தார். செர்பென்டைன் நிலத்திலிருந்து வந்த விதை தேறியது. மற்றது நலிந்து போனது. ஒரே இனம், ஆனாலும் மண்ணுக்கேற்ப வெவ்வேறு பரம்பரைகளாகப் பிரிந்திருந்தது. இது பாதி விடை. மறு பாதி இன்னும் முக்கியம். செர்பென்டைனை விட்டு வெளியே காணப்படாத செடிகளைச் சாதாரண மண்ணில், வேறு செடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வளர்த்தபோது, அவை நன்றாகவே வளர்ந்தன. அவற்றுக்கு நல்ல மண்ணோடு பகை கிடையாது. நல்ல மண்ணில் முந்திக்கொண்டு உயர்ந்து, நிழல் விரித்து, ஈரத்தை உறிஞ்சிவிடும் புல்லோடும் புதரோடும்தான் அவற்றால் மல்லுக்கட்ட முடியவில்லை. அந்த வலியவர்கள் கால் வைக்க முடியாத இடம் செர்பென்டைன். எளியவை அங்கே பிழைத்திருக்கின்றன.

இதை வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, கலிபோர்னியாவில் வேண்டுமென்றே ஒரு சோதனையும் வேண்டாமலே ஒரு சோதனையும் நடந்திருக்கின்றன. வேண்டுமென்றே செய்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜ் காப்பகத்தில். அங்குள்ள செர்பென்டைன் புல்வெளியில் வசந்தத்தில் சின்னச் சின்னப் பூச்செடிகள் தரையை மூடிப் பூக்கும். லாரா ஹ்யூனெக்கேயும் உடன் பணியாற்றியவர்களும் சில பாத்திகளுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட உரத்தைப் போட்டார்கள். இரண்டே ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஓராண்டுப் புற்கள் அந்தப் பாத்திகளைப் பிடித்துக்கொண்டன; உள்ளூர்ப் பூச்செடிகள் மறைந்தன. அந்த ஆய்வு 1990இல் வெளியானது. இரண்டு நூற்றாண்டாக மாநிலத்தின் மற்றப் புல்வெளிகளையெல்லாம் விழுங்கிவிட்ட அந்நியப் புல்லை இந்தத் திட்டுகளின் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது உரப் பற்றாக்குறைதான் என்பது அதன் பிறகு மறுக்க முடியாததாகிவிட்டது. கவனிக்க: நிக்கலை யாரும் அகற்றவில்லை, மக்னீசியத்தைக் குறைக்கவில்லை. பசியைத் தீர்த்ததுமே வேலி விழுந்துவிட்டது. நஞ்சைவிட வறுமையே பெரிய காவல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

வேண்டாமலே நடந்த சோதனையைச் செய்தவை கார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிய செர்பென்டைன் புல்வெளிகளில் மட்டும் பே செக்கர்ஸ்பாட் என்ற வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. கறுப்பு, சிவப்பு, வெளிர்மஞ்சள் கட்டங்கள் போட்ட சிறகு. அதன் புழு பெரும்பாலும் தின்பது விரல் உயரமே வளரும் ஒரு குட்டைச் செடியின் இலையை. 1987இல் அமெரிக்க அரசு இந்தப் பூச்சியை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. ஸ்டூவர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம் கேட்பதற்கு விநோதமாக இருக்கும்: கார்ப் புகை உரமாகிறது, மாடு பூச்சியைக் காக்கிறது. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் காற்றோடு வந்து புல்வெளியில் படிந்து, ஆண்டுதோறும் தழைச்சத்து போட்டது போலாகிறது. அந்நியப் புல் கொழிக்கிறது. குட்டைச் செடி நிழலில் மடிகிறது. புழுவுக்கு இரை இல்லை. மாடு மேய்ந்த இடங்களில் மட்டும் புல் அடங்கியிருந்தது, பூச்சியும் இருந்தது. இயற்கையைக் காப்பதாக நல்ல எண்ணத்தோடு மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் பூச்சி சரிந்தது. மாடு என்றாலே காட்டுக்குப் பகை என்று எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்கலாம்.

வலிய போட்டியாளர் இல்லை என்பதால் செர்பென்டைன் வாழ்க்கை சுகமானது என்று நினைத்துவிடக் கூடாது. அடர்ந்த பசுமைக்குள் ஒளிந்துகொள்ளும் வசதி இங்கே இல்லை. வெறும் கல்லின் நடுவே தனியாக நிற்கும் பச்சை இலை எந்தப் பூச்சிக்கும் தொலைவிலிருந்தே தெரியும். ஸ்ட்ரெப்டாந்தஸ் பேரினத்தின் செடிகள் இதற்குக் கண்டுபிடித்த வழிகளைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டாந்தஸ் ப்ரூவெரி என்ற இனத்தின் இலைகள் சாம்பல் பூத்த நிறம். கீழே கிடக்கும் சரளையின் நிறத்தோடு கலந்துவிடும். அந்த இலைகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் சிறு புள்ளிகள் புடைத்து நிற்கும். கடுகுச் செடியைத் தேடி வரும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி இடும் முட்டையின் அளவு, நிறம், வடிவம் எல்லாம் அந்தப் புள்ளிகளில் இருக்கின்றன. ஏற்கெனவே முட்டை இருக்கும் இலையில் அந்தப் பூச்சி பொதுவாக முட்டையிடாது. பொய் முட்டையைக் கண்டு வேறு செடிக்குப் போய்விடும். ஆர்தர் ஷாப்பிரோ 1981இல் இதைச் சோதித்துக் காட்டினார்: புள்ளிகளை நீக்கிய செடிகளுக்குக் கூடுதலாக முட்டை விழுந்தது. ஸ்ட்ரெப்டாந்தஸ் பாலிகலாய்டஸ் என்ற இன்னொரு இனம் வேறு வழியில் போனது. மண்ணில் உள்ள நிக்கலை இலையில் அடைத்து வைத்துக்கொள்கிறது. அந்த இலையைத் தின்ற கோசுப் புழுக்கள் சாகின்றன. தன்னைக் கொல்ல வேண்டிய உலோகத்தையே ஆயுதமாக்கிக்கொண்டது. நியூ கலிடோனிய மரத்தின் நீலப் பாலையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

உலோகத்தைச் சேர்க்கும் இந்தப் பழக்கம் மனிதர் கண்ணில் பட்டது நேற்று அல்ல. இத்தாலியின் மேல் டைபர் பள்ளத்தாக்கில், கறுத்த கற்கள் உள்ள இடத்தில் மட்டும் ஒரு செடி முளைப்பதை ஆந்திரேயா செசல்பீனோ 1583இல் எழுதி வைத்தார். அந்தக் கடுகுக் குடும்பச் செடியின் காய்ந்த இலையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் நிக்கல் இருக்கிறது என்று ஃபிளாரன்ஸில் மிங்குஸ்ஸியும் வெர்ஞானோவும் கண்டது 1948இல்.

இப்போது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்விக்கு வருகிறேன். மண்ணின் வறுமைதான் ஓரிடவாழ்விகளை வாழவைக்கிறது என்றால், செர்பென்டைன் உள்ள இடமெல்லாம் அவை குவிந்திருக்க வேண்டுமே? அப்படி இல்லை. ஜிம்பாப்வேயின் நடுவே ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ‘கிரேட் டைக்’ என்ற இதே வகைப் பாறைத் தொடரில் அந்த மண்ணுக்கே உரிய செடிகள் இருபது அளவில்தான். பிரிட்டனின் வடகோடியில் ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு வெண்பூச் செடி உண்டு. தாமஸ் எட்மன்ட்ஸ்டன் என்பவர் 1837இல், சிறுவனாக இருக்கும்போதே, அதைக் கண்டுபிடித்தார். வடக்கு ஐரோப்பாவின் செர்பென்டைன் திட்டுகளில் அப்படிப்பட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் உஸ்ஸங்கொட என்ற இடம். அடர்ந்த முட்புதர்க் காடு திடீரென்று நின்று, செக்கச்சிவந்த பொட்டல் தொடங்கும். அதில் உள்ள செடியெல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று அந்தப் பகுதி மக்கள் கதை சொல்வார்கள். காரணம் செர்பென்டைன். நிஷாந்த ராஜகருணா என்ற இலங்கைத் தாவரவியலாளரும் அவருடைய ஆசிரியர் புரூஸ் போமும் தீவின் செர்பென்டைன் திட்டுகளை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். அங்கு வளர்பவை பெரும்பாலும் நாம் அறிந்த செடிகளே: விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்த்தாமரை, கோரை வகைகள். அந்த மண்ணுக்கு மட்டுமே உரிய தனி இனம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் வாதம் உடைந்துவிட்டதா?

உடையவில்லை, அதற்கு ஒரு நிபந்தனை சேர்கிறது. வறுமை கதவைத் திறக்கும். உள்ளே புதிய இனம் உருவாக வேறு சில வேண்டும்: போதிய பரப்பு, போதிய காலம், இடையறாத ஈரம். கியூபாவின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள செர்பென்டைன் நிலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் திறந்து கிடப்பவை. தீவின் நடுப்பகுதியில் உள்ளவை அவற்றுக்குப் பிறகு வெளிப்பட்டவை. ஓரிடவாழ்விகள் குவிந்திருப்பது பழையவற்றில்தான். வடக்கு ஐரோப்பாவைப் பனியுகத்தில் பனிப்பாறை வழித்தெடுத்துவிட்டதால், அங்கே எல்லாம் அண்மையில் புதிதாகத் தொடங்கியவை. கலிபோர்னியாவுக்குள்ளேயே மழை கூடுதலான வடமேற்கில்தான் ஓரிடவாழ்விகள் மிகுதி. சூசன் ஹாரிசனும் உடன் ஆய்வாளர்களும் இந்த மழைத் தொடர்பைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இதுவும் என் வாதத்துக்கு ஒத்தே போகிறது: மழை மிகுந்த இடத்தில்தான் சாதாரண மண்ணில் காடு அடர்ந்து நிற்கும், அங்கேதான் செர்பென்டைன் மண்ணுக்கும் பக்கத்து மண்ணுக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாக இருக்கும். எங்கும் வறண்ட நாட்டில் எல்லா மண்ணும் ஏறக்குறைய ஒரே கொடுமைதானே? இலங்கைத் திட்டுகளோ மிகச் சிறியவை, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளவை. தெற்கில் உள்ளவை வறண்ட பகுதியில் கிடக்கின்றன. ஆனாலும் உஸ்ஸங்கொடவில் வளரும் ஓரிதழ்த்தாமரை நிக்கலை இலையில் குவிக்கிறது என்று அதே ஆய்வு கண்டது. சித்த மருந்துக்குப் பறிக்கும் அதே மூலிகை! எந்த மண்ணில் பறித்தது என்று பார்க்காமல் மூலிகை வாங்குவது சரியல்ல என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தேறியவை உடலியலில் வேறுபட்டிருக்கலாம். க்ரக்கபெர்க் கண்ட கடுகுச் செடியும் பெயரளவில் ஒரே இனம்தான்.

புதிய இனம் பிறப்பதற்கு எப்போதும் கோடி ஆண்டு தேவை என்றும் இல்லை. கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ பகுதியில் லேயியா டிஸ்காய்டியா என்ற செடி உள்ளது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பூவைச் சுற்றி இதழ் வரிசையே இல்லை. பார்த்தால் வேறு ஏதோ பழைய குலத்தின் மிச்சம் என்றே தோன்றும். மரபணுக்களை ஒப்பிட்ட புரூஸ் பால்ட்வின், அது பக்கத்து மணல் நிலங்களில் வளரும் வெள்ளை இதழ்ச் செடி ஒன்றின் கிளையாக, பத்து லட்சம் ஆண்டுக்குள் பிரிந்தது என்று 2005இல் காட்டினார். பழங்குலங்கள் பின்வாங்கி ஒதுங்கிய புகலிடமாக மட்டும் இந்த மண்ணை நினைத்தவர்களுக்கு அது ஒரு திருத்தம். செர்பென்டைனுக்குள் நுழைந்த குலங்கள் திரும்பி வெளியே வருவது மட்டும் அரிது. உள்ளே பிழைக்கக் கற்றுக்கொண்டதற்கு அவை கொடுத்த விலை அது. அதனால்தான் அந்தத் திட்டு போனால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

சாதாரண மண்ணிலும் வளரும் என்று நானே சொன்னேனே, அப்படியானால் தோட்டத்தில் நட்டுக் காப்பாற்றிவிடலாமே என்று கேட்கலாம். சுரங்க நிறுவனங்கள் விரும்பிக் கேட்கும் கேள்வியும் அதுதான். தொட்டியில் வளரும் செடி, களையெடுக்க ஓர் ஆள் நிற்கும்வரைதான் வளரும். ஆள் போனால் புல் வென்றுவிடும். விதை வங்கியில் வண்ணத்துப்பூச்சி வராது. பொய் முட்டைப் புள்ளிக்கு அங்கே வேலை இல்லை. சில தலைமுறைகளில் அது மங்கினாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. நிக்கல் சேர்க்கும் செடியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவதிலும் ஆபத்து உண்டு. மண்ணிலிருந்து நிக்கலை அறுவடை செய்யலாம் என்று ஐரோப்பியச் செடிகளை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துச் செர்பென்டைன் நிலத்தில் பயிரிட்டார்கள். அவை வயலைத் தாண்டிப் பரவி, அங்குள்ள அரிய செடிகளுக்கே பகையாகி, இன்று அந்த மாநிலத்தின் களைப் பட்டியலில் இருக்கின்றன. வறுமை என்ற வேலி பழக்கமில்லாதவரைத்தான் தடுக்கும். வேறொரு செர்பென்டைனில் பழகி வந்தவரைத் தடுக்காது.

நிக்கல் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. துருப்பிடிக்காத எஃகுக்கும் மின்வண்டி பேட்டரிக்கும் அது தேவை. இன்று உலகில் மிகுதியாக நிக்கல் எடுக்கும் இந்தோனேசியாவும், பிலிப்பைன்ஸும், நியூ கலிடோனியாவும், கியூபாவின் மோவா பகுதியும் தோண்டுவது இந்தப் பாறை சிதைந்த மண்ணைத்தான். புகையைக் குறைக்க வரும் வண்டிக்காக இந்தக் காடுகள் போகின்றன; இந்த முரணுக்கு என்னிடம் எளிய விடை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். நிக்கல் உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய உலோகம். எல்லாத் திட்டிலும் ஒரே செடிகள் இருந்தால் ஒன்றைத் தோண்டி இன்னொன்றை விடலாம். இங்கே ஒரு குன்றில் உள்ளது அடுத்த குன்றில் இருப்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ரிங் மவுண்டன் என்ற ஒரே குன்றில் மட்டும் வளரும் ஓர் அல்லிக் குடும்பச் செடி 1970களின் தொடக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பெருநகரம் கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தும் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குன்றில் அதற்குள் வீடுகள் எழும்பியிருந்தால், இழந்தது என்ன என்றுகூடத் தெரிந்திருக்காது.

நஷ்டத்துக்கு விலை போட முடியாது என்பவர்களுக்கும் ஒரு செய்தி. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில் 2013 முதல் நடைமுறையில் உள்ள வாழிடத் திட்டத்தின்படி, புதிய கட்டடத்தால் கூடும் வாகனப் பயணங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு நைட்ரஜன் படிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் செர்பென்டைன் புல்வெளிகளை வாங்கவும் பராமரிக்கவும் போகிறது. மண்ணில் உரம் சேர்ந்துவிட்டது என்பதற்காகத் தண்டம் கட்டச் சொல்லும் ஏற்பாடு உலகில் அரிது.

நம் நாட்டில் இந்தப் பாறைக்குக் குறைவில்லை. ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் குரோமைட் தோண்டுவது இவ்வகைப் பாறையில்தான். அந்தமானில் செர்பென்டைன் மேடுகள் உண்டு. ஓரிதழ்த்தாமரையின் குடும்பத்தைச் சேர்ந்த, நிக்கல் சேர்க்கும் ரினோரியா மரம் அங்கே வளர்கிறது. சேலத்தில் நூறாண்டுக்கும் மேலாக வெட்டப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இதே மக்னீசியப் பாறை மாறி உண்டான நரம்புகள்தான். நம் அரசு ஆவணங்கள் இவ்வகைக் கரடுகளைப் பார்க்கும் விதம் வேறு: நடுவண் அரசு வெளியிடும் தரிசு நில வரைபட ஏட்டில் செடி குறைந்த பாறை நிலம் என்பதே ஒரு தரிசு வகை. தரிசு என்று எழுதியாயிற்று என்றால், அடுத்து வருவது இரண்டில் ஒன்று: சுரங்கக் குத்தகை, அல்லது பசுமையாக்கும் திட்டம். வண்டி வண்டியாகச் செம்மண்ணும் தொழு உரமும் கொட்டி மரக்கன்று நடுவதைப் பாராட்டாதவர் யார்? செர்பென்டைன் கரட்டில் அது ஜாஸ்பர் ரிட்ஜ் பாத்தியில் போட்ட உரம்தான். ஆகவே வனத்துறைக்கும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சேலத்தில் இன்னும் வெட்டாமல் மிஞ்சியிருக்கும் கரடுகளிலும் அந்தமானின் செர்பென்டைன் மேடுகளிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முழுத் தாவரக் கணக்கெடுப்பு நடத்துங்கள்; மண்ணைச் சோதிக்கும்போது செடியின் இலையையும் சேர்த்துச் சோதியுங்கள். குத்தகையோ மரக்கன்றோ, எதுவானாலும் அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம்.